தோலும் உப்பும் பாலாறும்

சூரியனிடமிருந்து பூமிக்கு நாள்தோறும் வந்து சேரும் சக்தி, கடல் நீரை ஆவியாக்கி, காற்றை நகர்த்தி, பச்சிலைகளில் மாவாகவும் சர்க்கரையாகவும் சிறிது காலம் தங்கி, பல ஜீவராசிகளின் உடலில் புகுந்து புறப்பட்டு, கடைசியில் வெப்பமாக மாறி ஆகாயவெளிக்கே திரும்பிச் சென்றுவிடுகிறது. பொருள்களுக்கு அந்த விடுதலை இல்லை. நீரும் கரியும் நைட்ரஜனும் கந்தகமும், உப்பும் உலோகங்களும், பூமியை விட்டு எங்கும் போவதில்லை. கடலிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து உயிருக்கும் பாறைக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்த மாற்றத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க்கமும் ஒரு கால அளவும் உண்டு. ஆவியாக எழுந்த நீர் சராசரியாக ஒன்பது பத்து நாட்களில் மழையாகிக் கீழே விழுகிறது. கடலில் கரைந்த குளோரைடோ அங்கிருந்து வெளியேற ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது.

இந்த நியதியைப் பாடப் புத்தகங்களில் அம்புக்குறிகளோடு வரைந்த படங்களாகப் பார்த்துப் பழகியவர்கள், அதைப் பிரத்தியட்சமாகக் காண வேண்டுமானால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களுக்குச் செல்லலாம். பாலாற்றை ஒட்டிய இந்தப் பிரதேசத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தோல் பதனிடப்பட்டு வருகிறது. இந்தியாவின் பல மூலைகளிலிருந்து மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும், கடற்கரை உப்பளங்களிலிருந்து உப்பும், ஒடிசாவின் சுரங்கங்களில் தோன்றிய குரோமியமும் இங்கே வந்து சேருகின்றன; போவதோ செருப்பும் காலணியும் கைப்பையுமாகிய ஒரு பகுதி மாத்திரமே. மீதியெல்லாம் என்ன ஆயின, அவற்றுள் எது எந்த வழியாக இயற்கையிடம் திரும்பிப் போக முடியும், எதற்கு வழியே அடைபட்டுக் கிடக்கிறது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் விஷயம்.

ஆற்றின் இயல்பு

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, அம்மாநிலத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் வங்கக் கடலோடு கலக்கிறது. பொன்னையாறும் செய்யாறும் அதன் முக்கியமான துணையாறுகள். காவிரியைப்போல மாதக்கணக்கில் கரை தழும்ப ஓடும் நதியன்று இது. ஆண்டின் பெரும்பகுதி வெண்மணல் வெளியாகவே கிடந்து, பருவமழை பலத்தால் சில நாட்கள் மட்டும் நீர் காணும் இயல்புடையது. ஆயினும் 1903-ஆம் ஆண்டு நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடியதும், 2021 நவம்பரில் பாலங்களைத் தொட்டுக்கொண்டு ஓடியதும் இதே ஆறுதான்.

மேலே நீர் தெரியாத நாட்களிலும் மணலுக்கு அடியில் நீர் ஓடிக்கொண்டிருந்தது என்பதே பாலாற்றின் உண்மையான ஐசுவரியம். ஆற்று மணலில் நீண்ட பள்ளமாக வெட்டி, அதில் ஊறும் நீரை வயலுக்குக் கொண்டு சென்ற ஊற்றுக்கால்கள் இப்பகுதி விவசாயத்தின் முதுகெலும்பாக இருந்தன. வாலாஜாபேட்டைக்கு அருகே 1858-இல் கட்டி முடிக்கப்பட்ட அணைக்கட்டு, அரிதாக வரும் வெள்ளத்தைக் காவேரிப்பாக்கம் முதலிய பேரேரிகளுக்குத் திருப்பிவிட்டது. மணலைத் தாண்டினால் அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட் போன்ற கடினப் பாறை. பாறையின் மேற்பரப்பு உதிர்ந்த அடுக்கிலும் அதன் வெடிப்புகளிலும்தான் கிணற்று நீர் தங்குகிறது. அந்த வெடிப்புகளுக்குள் ஒருமுறை இறங்கிய அழுக்கைக் கழுவி எடுப்பது எளிதன்று.

இந்த ஆற்றின் ஓட்டத்தை மனிதர் பல வகையில் குறைத்துவிட்டனர். மேற்பகுதியில் கர்நாடகத்தின் ஏரிகளும் அணைகளும் நீரைத் தேக்குகின்றன. ஆந்திர எல்லைக்குள் கட்டப்பட்ட தடுப்பணைகள் பற்றி மாநிலங்களுக்கிடையே வழக்கு நடக்கிறது. அவற்றுள் வாணியம்பாடிக்கு அருகிலுள்ள புல்லூர்த் தடுப்பணையின் உயரம் 2016-இல் அதிகரிக்கப்பட்டது. கீழ்ப்பகுதியிலோ, நீரைத் தாங்கி வடிகட்டிக் கொடுத்த மணலே லாரி லாரியாக அள்ளப்பட்டது. ஓட்டம் குறைந்ததால் விளைந்த தீங்கு வறட்சி ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டம்தான் ஒரு படுகையின் கழிவு நீங்கும் வாசல் என்பதையும், அந்த வாசல் அடைபட்டதையும் நாம் சேர்த்து நினைக்க வேண்டும்.

தோல் ஷாப்புக்குள்

பாலாற்றங்கரை மக்கள் ‘தோல் ஷாப்’ என்று சொல்லும் பதனிடும் சாலைக்குள் நிகழ்வதைக் கிரமமாகக் கவனித்தால், எத்தனை மூலகங்கள் அங்கே கை மாறுகின்றன என்பது விளங்கும். உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும்; அதைத் தடுக்க, தோலின் எடையில் 30 முதல் 40 சதவீதம் உப்பை மேலே தேய்த்து மடித்து அனுப்புகிறார்கள். கட்டை அவிழ்க்கும்போது, மடிப்புகளிலிருந்து இரத்தக் கறையோடு பழுப்பேறிய கல்லுப்பு பொலபொலவென்று தரையில் உதிர்கிறது. உதிராமல் ஒட்டிக்கொண்டது ஊறவைக்கும் தொட்டியில் கரைந்துவிடுகிறது. அத்தொட்டியிலிருந்து வடிக்கும் முதல் நீரில்தான் முழுச் சாலையின் உப்பில் பெரும்பகுதி போகிறது. அதன்பின் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ந்து மயிரைக் கரைத்து நீக்குகின்றன. ஒட்டியிருக்கும் சதையும் கொழுப்பும் சீவப்படுகின்றன. அமோனிய உப்புகளால் சுண்ணாம்பு நீக்கப்படுகிறது. அமிலத்திலும் மறுபடியும் உப்பிலும் ஊறிய தோல், பெரிய மர உருளைகளுக்குள் குரோமியம் சல்பேட்டுக் கரைசலோடு சுழன்று, வெளிர்நீல நிறத்தோடு வெளியே வருகிறது. வியாபாரிகள் ‘வெட் புளூ’ என்று சொல்வது அதைத்தான்.

ஒரு டன் பச்சைத் தோலிலிருந்து கால் டன்னுக்கும் குறைவாகவே நல்ல தோல் கிடைக்கிறது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு குறிப்பிட்டது. ஆகையால் இத்தொழிலின் பிரதான உற்பத்தி எது என்று எடையை மட்டும் வைத்துக் கேட்டால், கழிவு நீர் என்றே விடை சொல்ல வேண்டியிருக்கும்.

வழி அறிந்த பொருள்கள்

இந்தக் கழிவில் உள்ளவை எல்லாம் ஒரே தன்மையானவை அல்ல. இரத்தம், சதை, கொழுப்பு, கரைந்த மயிர் ஆகியவற்றிலுள்ள கரி, பாக்டீரியாக்களுக்கு ஆகாரம். காற்றுப் படும்படி வைத்தால் கரியமில வாயுவாகவும், காற்றில்லாமல் மூடிவைத்தால் பெரும்பாலும் மீதேன் வாயுவாகவும் அது மாறி ஆகாயத்துக்குத் திரும்பிவிடும். அந்த மீதேனைப் பிடித்து எரித்தால் புல்லிலிருந்து மாட்டுக்கும் மாட்டிலிருந்து தோலுக்கும் வந்த சூரிய சக்தியில் ஒரு துளி நமக்கு அடுப்பெரிக்கவும் கிடைக்கும். புரதத்திலிருந்து பிறக்கும் அமோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. பிராணவாயு இல்லாத இடத்தில் வேறொரு வகை அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி, காற்றில் ஐந்தில் நான்கு பங்காயுள்ள அந்தப் பேரிருப்பிலே சேர்த்துவிடுகிறது.

கந்தகத்தின் வழி சற்று அபாயகரமானது. கழிவிலுள்ள சல்பேட்டைக் காற்றில்லாச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. அழுகிய முட்டையின் நாற்றமுடைய இவ்வாயு, அளவு மிகும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுவதால், தொட்டியில் இறங்கிய தொழிலாளி நாற்றம் போய்விட்டது என்று எண்ணும் கணமே மூர்ச்சித்து விழக்கூடும். கழிவுத் தொட்டிகளில் மனிதர் இறங்கி மாண்ட செய்திகள் இத்தொழிலின் சரித்திரத்தில் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த ரசாயனமும், அதை அறிந்தும் ஆளை இறக்கும் அலட்சியமும் காரணங்கள். இயற்கையின் சுழற்சி என்பது எல்லாச் சமயங்களிலும் மனிதனுக்கு இதமான காரியம் என்று கொள்வதற்கில்லை.

எனினும் கரி, நைட்ரஜன், கந்தகம் ஆகிய மூன்றுக்கும் வாயு வடிவம் உண்டு. அவற்றை உண்டு மாற்றும் உயிர்கள் உண்டு. ஆகவே நல்ல சுத்திகரிப்பு நிலையமும் பொறுப்பான பராமரிப்பும் இருந்தால் அவற்றின் வழியைச் செப்பனிட்டுவிடலாம்.

குரோமியத்தின் இரு முகங்கள்

முற்காலத்தில் இங்கே தோல் பதனிட உதவியவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். மேட்டு நிலங்களில் தானாக வளரும் ஆவாரஞ்செடியின் துவர்ப்புச் சத்து, வாரக்கணக்கில் தோலுக்குள் ஊறி அதைக் கெடாமல் காத்தது. பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டையும் இடம் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் குரோம் முறையைப் பரிசோதித்து அறிமுகப்படுத்தினார். ஆயினும், 1972-இல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் குறைத்து முழுமையாக்கிய தோலையும் தோற் பண்டங்களையும் ஊக்குவிக்க வேண்டும் என்று சிபாரிசு செய்ததற்குப் பின்னரே குரோம் முறை இப்பள்ளத்தாக்கில் வெகு வேகமாகப் பரவியது. வாரங்கள் எடுத்த காரியம் மணிக்கணக்கில் முடிந்தது. தோல் கொதிநீரையும் தாங்கியது. அந்நியச் செலாவணி பெருகியது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது.

குரோமியத்தின் இயற்கைச் சுழற்சி மிக மந்தமானது. ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் குரோமைட் என்னும் கரும்பாறையாக, நீரில் கரையாமல், கோடிக்கணக்கான ஆண்டுகள் அது உறங்கிக் கிடக்கிறது. அதைச் சோடாவோடு சேர்த்து உலையில் வறுத்தால், ஆறு இணைதிறனுள்ள, மஞ்சள் நிறமுடைய, நீரில் எளிதில் கரையும் நச்சுப் பொருளாகிறது. பிறகு அதையே குறைத்து மூன்று இணைதிறனுள்ள பச்சை நீல உப்பாக்கித் தோல் ஷாப்புகளுக்கு விற்கிறார்கள். இந்த இரண்டாவது வடிவம் மண்ணில் படிந்து அதிகம் நகராமல் தங்குவது. முதல் வடிவமோ நிலத்தடி நீரோடு ஓடுவது, உயிரணுக்களுக்குள் புகுவது, புற்றுநோய் தரவல்லது. மண்ணிலுள்ள மாங்கனீஸ் ஆக்சைடுகள் மூன்றை ஆறாக்கக் கூடும் என்பதும், மட்குப் பொருளும் இரும்பும் ஆறை மூன்றாக்கிச் சாதுவாக்கும் என்பதும் ரசாயன நூலார் கண்ட உண்மைகள். ஆகவே குரோமியம் கலந்த சேற்றை எங்கே, எந்த மண்ணின் மேல் கொட்டுகிறோம் என்பது அற்பமான கேள்வியன்று.

இதற்கு இராணிப்பேட்டை சாட்சி. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் 1970-களின் நடுவிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் இயங்கி மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை வெளியில் குவியலாக விட்டுச் சென்றது. ஒவ்வொரு மழையும் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் சாற்றைப் பிழிந்து சுற்றுப்புறக் கிணறுகளுக்கு அனுப்பியது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். உலகில் மிகவும் மாசடைந்த பத்து இடங்களுள் ஒன்றாக இராணிப்பேட்டையை அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-இல் பட்டியலிட்டது.

குரோமியத்துக்கும் பரிகாரம் இல்லாமல் இல்லை. கரைசலில் காரத்தைச் சேர்த்து அதைப் படியவைத்து, மீண்டும் அமிலத்தில் கரைத்து உபயோகிக்கலாம். சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நீரில்லாமலே குரோம் ஏற்றும் முறையையும் உருவாக்கியிருக்கிறது. உலோகத்தைப் பிடிக்க முடியும். பிடித்ததைப் பத்திரமாகப் பூட்டிவைக்கவும் முடியும்.

உப்பு

இனி, எல்லாவற்றிலும் சாதாரணமானதும், யாருக்கும் நஞ்சாகத் தோன்றாததும், அதனாலேயே நெடுங்காலம் கண்ணுக்குத் தப்பியதுமான உப்பைப் பார்ப்போம். சோடியம் குளோரைடிலுள்ள குளோரைடை எந்த பாக்டீரியாவும் ஆகாரமாகக் கொண்டு தீர்ப்பதில்லை; எந்தப் பயிரும் வேண்டிய அளவு உறிஞ்சி ஒழிப்பதில்லை; அது வாயுவாகப் பறப்பதில்லை; சுண்ணாம்பைப் போட்டால் படிவதுமில்லை. நிலத்தில் விழுந்த குளோரைடுக்கு உள்ள மார்க்கம் ஒன்றே ஒன்று: நீரோடு நீராக ஓடிக் கடலைச் சேர்வது. அலைத் திவலைகளிலிருந்து காற்று அள்ளிய உப்புத் துகள்கள் மழையோடு நிலத்தில் விழுவதும், ஆறுகள் அதைக் கடலுக்கே திருப்புவதும் இயற்கை ஏற்படுத்திய சிறிய சுழற்சி.

தோல் தொழில் இச்சுழற்சியைப் பன்மடங்கு பெருக்கிவிட்டது. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் போன்ற கடற்கரைப் பாத்திகளில் வெயில் இலவசமாகக் காய்ச்சிக் கொடுத்த உப்பு, கசாப்புக் கூடங்களுக்குச் சென்று, தோலோடு மடிந்து, ஆம்பூருக்கு வந்து இறங்குகிறது. காற்றும் மழையும் தூவுவதைவிட எத்தனையோ மடங்கு உப்பை மனிதன் லாரியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வறண்ட படுகையில் கரைக்கிறான். அதைக் கடலுக்குத் திருப்ப வேண்டிய ஆறோ ஆண்டில் சில நாட்களே ஓடுகிறது. வேலூர்ப் பகுதியின் மழை ஆண்டுக்கு ஒரு மீட்டரை ஒட்டியது. அங்கே வெயில் ஆவியாக்கக் கூடிய அளவு அதைவிட அதிகம். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடுகிறது. வரவு ஓயாமல் எழுதப்பட்டுச் செலவுப் பக்கம் வெறுமையாக இருக்கும் பேரேட்டில் இருப்பு எப்படி ஏறுமோ, அப்படித்தான் கிணற்று நீரில் உப்பு ஏறியது.

அதை எந்தக் கல்லூரி மாணவனும் சோதித்துவிடலாம். கிணற்று நீரில் சில துளி பொட்டாசியம் குரோமேட்டை விட்டால் நீர் மஞ்சளாகிறது. மேலிருந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, குளோரைடு தீரும் வரை வெண்ணிற வீழ்படிவு விழுந்துகொண்டே இருந்து, தீர்ந்த மறுகணம் கரைசல் செங்கல் நிறம் கொள்கிறது. எத்தனை சொட்டு செலவாயிற்றோ அத்தனை உப்பு. குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லாவிடில் 1,000 வரை அனுமதிக்கலாம் என்பது விதி.

வயலில் அச்சோதனையே வேண்டியதில்லை. களிமண் துகள்களைத் திரளாகப் பிணைத்து வைத்திருப்பது கால்சியம். உப்புநீர் பாயப் பாய, அதன் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது. பிணைப்பு விட்ட மண் மழையில் சேறாகிக் குழைந்து, வெயிலில் ஓடுபோல் இறுகுகிறது. நீரும் காற்றும் வேருக்கு இறங்குவதில்லை. மேற்பரப்பில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. நெற்பயிரின் இலை நுனிகள் தீய்ந்தாற்போல் கருகுகின்றன. ஓரளவு உப்பைத் தாங்கும் தென்னை மட்டும் எஞ்சி நிற்கிறது. ஜிப்சம் இட்டுச் சோடியத்தை விடுவிக்கலாம் என்பது உண்மையே. விடுபட்ட சோடியத்தைக் கழுவிச் செல்ல நல்ல நீர் வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டதாக உச்ச நீதிமன்றம் பதிவு செய்திருக்கிறது.

இங்கே ஒரு தப்பெண்ணத்தை நீக்குவது அவசியம். பழைய ஆவாரம்பட்டை முறைக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் வாதிக்கிறார்கள். குரோமியம் நீங்கும் என்பது மெய். ஆனால் உப்பிட்டு வந்த தோலைப் பட்டையில் போட்டாலும் குரோமில் போட்டாலும் முதல் தொட்டியில் கரையும் உப்பு ஒன்றேதான். தவிரவும் பட்டைச் சாறு கலந்த கருங்கழிவு எளிதில் மட்குவதில்லை.

நீதியும் நிவாரணமும்

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் சரித்திரத்தில் ஒரு மைல்கல். தீங்கு நேருமுன் காக்க வேண்டும் என்பதும், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பதும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவையே என்று அது பிரகடனம் செய்தது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் ரூ.10,000 அபராதம் விதித்து, இழப்பை மதிப்பிட ஓர் அதிகார அமைப்பை நியமிக்கவும் பணித்தது. அதற்குப்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 2025-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி, நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், பாதிக்கப்பட்டோருக்குரிய இழப்பீட்டை ஆறு வாரங்களுக்குள் வழங்குமாறு மாநில அரசுக்கு மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது. பாலாற்றுக்கெனத் தனிக் குழு அமைக்கவும் அவர்கள் பணித்தார்கள். தீர்ப்புக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு இதைவிட நிரூபணம் தேவையில்லை.

நடுவில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. இராணிப்பேட்டையிலும் மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன. சவ்வுகளின் வழியே அழுத்தி நன்னீரைப் பிரித்து, மிஞ்சிய உப்புநீரைக் கொதிகலங்களில் வற்றவைத்து, துளி நீரும் வெளியே விடாத முறை கட்டாயமாயிற்று. ஆனால் இம்முறை சக்தியின் நியதியோடு மோதுகிறது. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு அது 600 யூனிட்டுக்கும் அதிகமான மின்சாரத்துக்குச் சமம். ஒரு கலத்தின் நீராவியை அடுத்த கலத்தில் மீண்டும் உபயோகித்துச் செலவைக் குறைக்கிறார்கள் எனினும், கடற்கரையில் சூரியன் செய்துமுடித்த அதே வேலையை இங்கே விறகாலும் நிலக்கரியாலும் இரண்டாம் முறை செய்கிறோம். அவ்வாறு செய்து கிடைப்பதோ, பல ரசாயனங்கள் கலந்து, வாங்குவாரின்றிக் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் குவியும் கலப்பு உப்பு. கழிவைத் தேக்கி வைப்பதன் அபாயத்தை 2015 ஜனவரி 31 அதிகாலை காட்டியது: இராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் மாண்டனர்.

முடிவாகச் சொல்லத்தக்கது

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்தால், கரியும் நைட்ரஜனும் கந்தகமும் உயிர்களின் உதவியால் திரும்பிப் போகும். குரோமியம், மனிதன் முயன்றால், பிடிபட்டுப் பூட்டப்படும். உப்பு மாத்திரம் எந்த நிலையத்திலும் அழியாது. அதற்கு உள்ள வழிகள் இரண்டே: வராமல் தடுப்பது, அல்லது கடலுக்கே கொண்டு சேர்ப்பது. இரண்டாவதைக் குழாய் போட்டுச் செய்யலாம் என்னும் யோசனை, குரோமியத்தையும் மற்ற நஞ்சுகளையும் முழுவதும் நீக்கிய பிறகே பேசத் தகும். இல்லாவிடில் உழவனின் கஷ்டத்தை மீனவனுக்கு மாற்றியதாகும். முதல் வழியே சுலபமானது. தோலைத் தொட்டியில் இடுமுன் உதறி உலர் உப்பை அள்ளிவிடுதல், உப்புக்குப் பதில் குளிரூட்டிக் காத்தல், குறைந்த உப்பில் பதப்படுத்தல் ஆகியவை அறியப்பட்ட முறைகள்; அவற்றுக்கு ஆகும் செலவைக் கொதிகலத்தின் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எந்த முதலாளியும் அவற்றை அலட்சியம் செய்ய மாட்டார்.

ஆதலால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியே போகும் நீரை லிட்டர் கணக்கில் அளப்பதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு தோல் ஷாப்பின் வாசலிலும் உள்ளே நுழையும் உப்பை எடை போட்டு, எத்தனை வந்தது, எத்தனை எங்கே போயிற்று என்பதை ஆண்டுதோறும் ஊரறிய வெளியிட வேண்டும். பாலாற்றில் நீர் விடுவது பற்றிப் பேசும் மூன்று அரசுகளும், ஆற்றின் ஓட்டம் பாசனத்துக்கு மட்டுமன்றிப் படுகையைக் கழுவுவதற்கும் உரியது என்பதைத் தம் வாதங்களில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் நடவாதவரை, எத்தனை சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தாலும், எத்தனை தீர்ப்புகள் வந்தாலும், அவை பாதி வேலையே ஆகும்.